தோலில் சிவப்புக் கட்டி, சிவப்புப் புள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையின் கன்னத்தில் செக்கச்சிவப்பாக ஏதோ புடைத்து வருகிறது என்று பதறுகிறவர்கள் ஒரு பக்கம். நாற்பது தாண்டியதும் வயிற்றில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி புள்ளிகள் வருகின்றன, புற்றுநோயாக இருக்குமோ என்று தயங்கிக் கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தோலின் ரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் தேவைக்கு மேல் பெருகுவதால் வருபவை, பெரும்பாலும் தீங்கில்லாதவை. நான் மருத்துவர் அல்ல. அக்கா மகளுக்குக் கண் இமையில் இது வந்தபோது மருத்துவமனை பெஞ்சுகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். குழந்தைகளைப் பற்றிய பகுதி நீளமாக இருக்கும். நாள் தவறினால் நஷ்டம் அங்கேதான்.

இதற்குப் பெயர் என்ன? ரத்தக்கட்டா, மச்சமா, மருவா?

மூன்றும் இல்லை. ரத்தக்கட்டு என்றால் அடிபட்டுக் கன்றிப்போவது. சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். மச்சம் நிறமிச் செல்கள் கூடுவதால் வருவது. மரு என்று நாம் பொதுவாகச் சொல்வது தோலே தடித்து வளர்வது. இங்கே பெருகுவது ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள். டாக்டர்கள் ஹீமாஞ்சியோமா என்று சொல்வார்கள். நான் இங்கே ரத்தக்குழாய்க் கட்டி என்றே எழுதுகிறேன்.

ஆனால் அந்த ஹீமாஞ்சியோமா என்ற சொல்லையும் நெடுங்காலம் சிவப்பாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 1982-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மல்லிக்கனும் ஜூலி க்ளோவாக்கியும்தான் இதை இரண்டாகப் பிரித்தார்கள். செல்கள் பெருகி வளர்ந்து, அப்புறம் சுருங்குவது ஒரு வகை. கருவிலேயே குழாய்கள் கோணலாக உருவாகி, சுருங்காமல் குழந்தையோடு சேர்ந்து வளர்வது இன்னொரு வகை. முதல் வகைக்கு வேலை செய்யும் மருந்து இரண்டாவதற்கு வேலை செய்யாது. இன்றும் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதித் தருகிறவர்கள் உண்டு. "இது எந்த வகை டாக்டர், சுருங்கக்கூடியதா?" என்று கேட்டுவிடுங்கள்.

பிறந்தபோது ஒன்றுமே இல்லை, மூன்றாவது வாரம் திடீரென்று வந்தது. எப்படி?

குழந்தைப் பருவ ரத்தக்குழாய்க் கட்டியின் போக்கே அதுதான். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அதிகம். பிறந்த அன்றே உற்றுப் பார்த்தால் பல குழந்தைகளிடம் ஒரு தடம் இருந்திருக்கும்: வெளிறிய ஒரு திட்டு, அல்லது நகம் கீறிய மாதிரி மெல்லிய சிவப்பு. அக்கா வீட்டில் அதை எறும்பு கடித்தது என்றுதான் நினைத்தோம்.

தோலின் மேற்பரப்பில் இருந்தால் பளிச்சென்ற சிவப்பில், சிறு சிறு மேடுகளோடு இருக்கும். இங்கிலீஷ் படித்த டாக்டர்கள் ஸ்ட்ராபெரி என்பார்கள். ஆழத்தில் இருந்தால் சிவப்பே தெரியாது. தோலுக்கு அடியில் நாவல்பழத்தை வைத்த மாதிரி நீலம் பாய்ந்த, மெத்தென்ற வீக்கமாக இருக்கும். இரண்டும் கலந்தும் வரும். நம் மாநிறத் தோலில் சிவப்பு கொஞ்சம் மங்கி, அரக்கு நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியலாம். படங்களில் இருப்பது வெள்ளைக்காரக் குழந்தைகளின் தோல் என்பதால் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இது வந்தது என்கிறாரே மாமியார்?

இல்லை. கர்ப்ப காலத்தில் பீட்ரூட் சாப்பிட்டதாலும் இல்லை, யாரோ கண் வைத்ததாலும் இல்லை. இந்தக் கட்டியின் செல்களில் க்ளூட்-1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களிலும் அதே புரதம் உண்டு. சாதாரணத் தோலின் ரத்தக்குழாய்களில் கிடையாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் தெரியவந்த விஷயம் இது. சரியாக எதனால் தொடங்குகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவில்லை, திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைவது ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. தாய் செய்த தப்பு என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை. பிரசவமான மூன்றாவது வாரத்தில் ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை மாமியார்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் வளரும்? எப்போது போகும்?

மிக வேகமாக வளர்வது ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. மூன்று மாதம் முடிவதற்குள், தான் எட்டப்போகும் அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். ஐந்து மாதத்தில் வளர்ச்சி அநேகமாக அடங்கும். ஆழத்தில் இருப்பவை மட்டும் இன்னும் சில மாதம் இழுக்கும்.

அதற்குப் பிறகு சுருங்கத் தொடங்கும். முதல் அறிகுறி நிறத்தில்தான் தெரியும். பளிச் சிவப்பு மங்கி, நடுவில் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். தொட்டால் முன்பைவிடத் தளர்வாக இருக்கும். நான்கு வயதுக்குள் சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி சுருங்கிவிடும். "வருடத்துக்குப் பத்து சதவீதம், பத்து வயதில் முழுதும் போய்விடும்" என்ற பழைய கணக்கை இன்னும் சொல்கிறார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம்.

கட்டி போவதும் தடம் போவதும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையில்லாமல் விடப்பட்டவற்றில் ஏறக்குறைய பாதியில் ஏதாவது மிஞ்சுகிறது: தளர்ந்த தோல், மெல்லிய சிவப்பு நரம்புகள், கொழுப்பு போன்ற சதை, தழும்பு. முதுகில் இருந்தால் யாருக்கும் கவலை இல்லை. மூக்கு நுனியில் இருந்தால்?

'தானாகப் போய்விடும், விடுங்கள்' என்கிறார் டாக்டர். காத்திருக்கலாமா?

எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வாக்கியம் பொய் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே சரியான ஆலோசனை. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுபோலச் சொல்லப்படும்போதுதான் பிரச்சினை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஐந்தாவது வாரத்தில் மேல் இமையில் பட்டாணி அளவு சிவப்பு. காட்டிய இடத்தில் "ஒரு வயதில் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். நாலரை மாதத்தில் இமை பாதி மூடிவிட்டது. அப்புறம் வேறொரு குழந்தைத் தோல் மருத்துவர் பார்த்து அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினார். கட்டி விழியை அழுத்தியதில் பார்வைக் கோணல் (ஆஸ்டிக்மாட்டிசம்) வந்திருந்தது. மருந்து தொடங்கியதும் கட்டி வேகமாக வற்றியது; பார்வைக் கோணல் முழுதாகப் போகவில்லை. ஏழு வயதில் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். இரண்டு மாதத்தில் தொடங்கியிருந்தால் என்ற கேள்வியை அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்துக்கு இடமுள்ள கட்டிகளைக் குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும்போதே நிபுணர் பார்க்க வேண்டும் என்கிறது. ஆறு வாரம் முடிந்து தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கண், மூக்கு, உதடு, காது அருகே இருந்தால் உடனே. தாடி முளைக்கும் இடங்களில், அதாவது தாடை, மோவாய், கழுத்தின் முன்பக்கத்தில் பரவியிருந்தால் மூச்சுக்குழாயிலும் ஒன்று இருக்கலாம். குழந்தை மூச்சு இழுக்கும்போது கரகர சத்தம் வந்தால் அது அவசரம், இரவானாலும் கிளம்புங்கள். இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டின் நடுவில் இருந்தாலும், நாப்கின் கட்டும் இடத்தில் இருந்தாலும், முகத்தில் ஒரு பக்கத்தையே ஆக்கிரமித்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தோலில் ஐந்து அல்லது அதற்கு மேல் எண்ணினால், அவை கடுகளவாக இருந்தாலும் சரி, காட்ட வேண்டும்.

சின்னப் பொட்டுக்கு வயிற்று ஸ்கேன் எதற்கு? காசு பிடுங்குகிறார்களா?

ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஈரலிலும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அதற்காகத்தான். முகத்தில் பெரிதாக இருந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள், இதயம், கண் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இடுப்புப் பகுதியில் இருந்தால் தண்டுவடத்தை. இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், கையில் ஒரே ஒரு சிறு கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எழுதினால், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள்.

கட்டிக்கு ப்ராப்ரனோலால் எழுதித் தருகிறார்கள். அது பெரியவர்களுக்குத் தரும் இதய மருந்து ஆயிற்றே? அதையா குழந்தைக்கு?

எங்களுக்கும் அதே பயம்தான். இந்த மருந்தை 1960-களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக். அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் தந்துவந்த மருந்து. கட்டிக்கு இது கேட்கும் என்று யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சின் போர்தோ நகரில் மூக்கில் பெரிய கட்டியோடு இருந்த ஒரு குழந்தைக்கு, அப்போதைய வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதனால் இதயத் தசை தடித்தது. இதயத்துக்காக ப்ராப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் கட்டியின் நிறம் மாறி இளகியிருக்கிறது. கிறிஸ்டீன் லெயோத்தே-லப்ரேஸ் என்ற தோல் மருத்துவரும் உடன் இருந்தவர்களும் அதைச் சும்மா விடவில்லை. பதினோரு குழந்தைகளின் விவரத்தை 2008-இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க சிகிச்சையே மாறிவிட்டது. 2014-இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. 2015-இல் வெளியான பெரிய சோதனையில், ஆறு மாதம் மருந்து எடுத்த குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ அநேகமாக முழுதாகவோ போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பேருக்குத் தந்த வெற்று மருந்தை எடுத்தவர்களில் அது 4 சதவீதம்தான்.

அளவு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். அதை இரண்டு வேளையாகப் பிரித்து, குறைந்தது ஆறு மாதம் தருவார்கள். குழந்தை எடை கூடக் கூட அளவும் மாறும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கணக்குப் போட வேண்டாம். தொடங்கும் முன் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். சிரப் கிடைக்காமல் மாத்திரையைக் கரைத்துத் தரச் சொன்னால், எவ்வளவு தண்ணீரில் கரைத்து எத்தனை மில்லி என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மறந்துபோகும்.

மருந்து கொடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாலோடு கொடுக்க வேண்டும், அல்லது பால் குடித்து முடித்த உடனே. இதுதான் முதல் விதி. இந்த மருந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடக்கூடும். குழந்தை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது, வயிற்றுப்போக்கு என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விட்ட வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வியர்த்துக் கொட்டுவது, துவண்டுபோவது, எழுப்பினால் எழாமல் இருப்பது எல்லாம் சர்க்கரை இறங்கியதன் அடையாளம், உடனே மருத்துவமனை.

சளியோடு இழுப்பு வந்தாலும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். கை கால் ஜில்லென்று இருப்பதும், தூக்கம் கெட்டுச் சிணுங்குவதும் சாதாரணமாகப் பார்ப்பவை. எங்கள் வீட்டுக் குட்டி முதல் இரண்டு வாரம் யாரையும் தூங்கவிடவில்லை.

மாத்திரை வேண்டாம், சொட்டு மருந்து போதும் என்றார்களே?

கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துதான் அது. சிறிய, தடிப்பில்லாத, மேலோட்டமான கட்டிகளுக்கு அதைத் தடவச் சொல்வார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போகும் மருந்து அது, எத்தனை சொட்டு என்பதை மீறக் கூடாது.

கட்டி புண்ணாகிவிட்டது. ரத்தம் வந்தால் நிற்காதா?

புண்ணாவதுதான் இதில் அதிகம் வரும் சிக்கல். உதட்டிலும் நாப்கின் பகுதியிலும் கழுத்து மடிப்பிலும் இருப்பவை சீக்கிரம் புண்ணாகும். கடுமையாக வலிக்கும், பால் குடிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் குழந்தை வீறிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். வெடித்து ரத்தம் பீறிடும் என்று பயப்படுவார்கள். அப்படிப் பொதுவாக நடப்பதில்லை. சுத்தமான துணியை வைத்து, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்து எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வாஸ்லைன் தடவி ஒட்டாத கட்டுத்துணி வைத்து டாக்டரிடம் போங்கள்.

பிறந்த அன்றே சிவப்பாக இருந்தது. அதுவும் இதுதானா?

அநேகமாக இல்லை. நெற்றி நடுவிலும் இமைகளிலும் பிடரியிலும் இளஞ்சிவப்பாக, அழும்போது கூடுதலாகத் தெரிந்தால் அது மிகச் சாதாரணமான பிறவித் திட்டு. முகத்தில் இருப்பது ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். பிடரியில் இருப்பது பலருக்கு ஆயுளுக்கும் இருக்கும், முடி மறைத்துக்கொள்ளும்.

முகத்தில் ஒரு பக்கமாக, தட்டையாக, திராட்சை ரசம் கொட்டிய மாதிரி இருந்தால் அது வேறு. முன்னே சொன்ன இரண்டாவது வகை, குழாய்களின் அமைப்பிலேயே உள்ள கோளாறு. சோவியத் தலைவராக இருந்த மிகாயில் கோர்பச்சேவின் தலையில் எல்லோரும் பார்த்தது அதுதான். அது மறையாது, வயதாக ஆக அடர்ந்து தடிக்கும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2013-இல் கண்டுபிடித்தார்கள். கருவில் வளரும்போது நேர்வது, பெற்றோரிடமிருந்து வருவதில்லை. நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் கண் அழுத்தமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால் பரிசோதனை தேவை. இதற்கு ப்ராப்ரனோலால் உதவாது. சாய லேசர் (டை லேசர்) சிகிச்சைதான், அதுவும் பல முறை.

எனக்கு வயது 45. உடம்பில் சிவப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகின்றன. புற்றுநோயா?

இல்லை. செர்ரி ஆஞ்சியோமா என்பார்கள். முப்பதுக்கு மேல் மார்பிலும் வயிற்றிலும் முதுகிலும் வரும், வயதோடு எண்ணிக்கையும் கூடும். அந்தப் பயம் புதிதல்ல. இதை 1870-களில் விவரித்த லண்டன் அறுவை மருத்துவர் கேம்பல் டி மார்கனே புற்றுநோயோடு தொடர்பிருக்கலாம் என்று நினைத்தார். பிறகு அது தவறு என்றாகிவிட்டது. சிவப்பு மச்சம் வந்தால் பணம் சேரும் என்று மச்ச பலன் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவு உண்மைதான். என் சித்தப்பாவுக்கு முதுகு நிறைய இருக்கிறது, கடனும் நிறைய இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் மின்சூட்டிலோ லேசரிலோ எடுத்துவிடலாம்.

விரலில் குண்டுமணி மாதிரி ஒன்று, லேசாகப் பட்டாலே ரத்தம் கொட்டுகிறது. என்ன அது?

முள் குத்திய இடத்திலோ நகக்கணுவிலோ சில வாரங்களில் மளமளவென்று வளர்ந்தால் பெரும்பாலும் பயோஜெனிக் கிரானுலோமா. பெயரின் பொருள் சீழ் உண்டாக்கும் கட்டி என்பது. ஆனால் அதில் சீழும் கிடையாது, அது கிரானுலோமா என்ற வகைக் கட்டியும் கிடையாது. தப்பாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஈறில் வரும், பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானே சுருங்கும்.

மருவுக்குக் கட்டுவது மாதிரி இதற்கு முடியோ நூலோ கட்டாதீர்கள். சுரண்டி எடுத்து அடியில் சுட வேண்டும். இல்லையென்றால் திரும்ப வரும். எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிறமில்லாத ஒரு வகைத் தோல் புற்று அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். அரிதுதான், ஆனால் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் அப்புறம் தெரிந்துகொள்ள வழியில்லை.

சிலந்தி மாதிரி நடுவில் புள்ளி, சுற்றிலும் கால்கள். அது?

ஸ்பைடர் ஆஞ்சியோமா என்பார்கள். நடுவில் அழுத்தினால் கால்கள் மறைந்து, விட்டதும் நடுவிலிருந்து நிரம்பும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒன்றிரண்டு இருப்பது சகஜம். பெரியவர் ஒருவருக்கு மார்பிலும் தோளிலும் பல புதிதாக வந்தால், முக்கியமாகக் குடிப்பழக்கம் இருந்தால், தோலை விட்டுவிட்டு ஈரலைப் பரிசோதியுங்கள்.

யாரிடம் காட்டுவது? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

குழந்தை என்றால் குழந்தைத் தோல் நோய் பார்க்கும் மருத்துவர்; இல்லையென்றால் தோல் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும், அது ஒரு வசதி.

கொண்டுபோக வேண்டியது போட்டோக்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுங்கள். "பெரிதாகிற மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னபோது எங்களை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் பட்டாணி, அதே ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் நெல்லிக்காய் என்று வரிசையாகக் காட்டியபோது, அந்த டாக்டர் மூன்றாவது படத்திலேயே பேனாவை எடுத்துவிட்டார்.